கேள்வி கேட்க ஓர் ஆள்

என் அப்பா ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். அம்பத்தூர் ஐடிஐயில் படித்துவிட்டு 1979இல் வேலைக்குப் போனபோது அவருக்கு வைத்த தேர்வைப் பற்றி நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். இரண்டு இரும்புத் துண்டு, ஓர் அரம், ஒரு மட்டம், ஒரு வரைபடம் கொடுப்பார்கள். ஒரு துண்டில் சதுரமாகப் பள்ளம் எடுக்க வேண்டும். மற்றதை அந்தப் பள்ளத்தில் கச்சிதமாக உட்காரும்படி ராவ வேண்டும். நேரம் முடிந்ததும் சார்ஜ்மேன் வந்து இரண்டையும் பொருத்தி, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் வீட்டுக்குப் போகலாம். அதற்கு டிரேட் டெஸ்ட் என்று பெயர். 1965இல் விஜயந்தா டாங்கி உருண்டு வந்த தொழிற்சாலை அது. அங்கே வேலை செய்த பலரும் இப்படி இரும்பு ராவிக் காட்டித்தான் உள்ளே போனவர்கள் என்பார் அப்பா.

நான் 2009இல் கணினிப் பொறியியல் முடித்தேன். கல்லூரி இதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான், பெயர் வேண்டாம். அதற்கு முந்தைய செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் திவாலாகியிருந்தது. எங்கள் வகுப்பில் ஆஃபர் லெட்டர் வாங்கியவர்களுக்கே சேர வேண்டிய தேதி வந்தபாடில்லை. என்னிடம் லெட்டரே இல்லை. வெள்ளானூரிலிருந்து காலையில் கிளம்பி, கோவில்பதாகை வழியாக ஆவடி ஸ்டேஷன், அங்கிருந்து ரயில், அப்புறம் ஒரு பஸ் என்று கிண்டியிலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன்.

அப்படிப் போன ஓர் இன்டர்வியூவில், ஒரு லிங்க்டு லிஸ்ட்டில் சுழல் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் ப்ரோகிராமை எழுதச் சொன்னார்கள். பல வருஷமாகக் கேட்கப்படும் கேள்வி. விடை எனக்கு மனப்பாடம். ஒரு சுட்டி ஒவ்வொரு அடியாக நகரும், இன்னொன்று இரண்டிரண்டு அடியாக நகரும், இரண்டும் சந்தித்தால் சுழல் இருக்கிறது. காகிதத்தில் பிழையில்லாமல் எழுதிக் கொடுத்தேன். எதிரே இருந்தவர் வாங்கிப் பார்த்தார். “சரி. ஏன் கண்டிப்பாகச் சந்திக்கும்? ஒன்றை ஒன்று தாண்டிப் போய்க்கொண்டே இருக்காதா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்கு வாய் திறக்கவில்லை. தெரியாதது பாதி. தெரிந்த மீதியையும் எந்த வாக்கியத்தில் ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

ராத்திரி அப்பா கேட்டார்.

“என்னடா செய்யச் சொன்னாங்க?”

“ஒரு ப்ரோகிராம் எழுதச் சொன்னாங்கப்பா. எழுதிட்டேன்.”

“அப்புறம் என்ன?”

“ஏன்னு கேட்டாங்க.”

அப்பா கொஞ்ச நேரம் சாப்பிடாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “எங்ககிட்ட யாரும் ஏன்னு கேக்கல. வெளிச்சம் தெரியுதான்னு பாத்தாங்க, அவ்ளோதான்.”

அந்த ‘ஏன்’ எப்படி எங்களிடம் வராமலே போனது என்று பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு வழி திறந்தது 1984இல், எம்.ஜி.ஆர். ஆட்சியில். முப்பது வருஷத்துக்குள் கல்லூரிகள் ஐந்நூறைத் தாண்டின. சென்னைக்கு மேற்கே, ஒரு காலத்தில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும் ஆவடி ஃபாக்டரிக்கும் ஆள் அனுப்பிக்கொண்டிருந்த ஊர்களின் விளிம்பில், வயல் இருந்த இடத்திலெல்லாம் காம்பவுண்டு சுவர் எழும்பியது. எங்கள் வெள்ளானூர்ப் பக்கம் வேல் டெக் 1997இல் வந்தது. அதற்குப் பிறகு காலையில் கல்லூரி பஸ் வரிசை போய் முடிகிறவரை சாலையைக் கடக்க முடியாது என்பது எங்கள் ஊர் வழக்கமாகிவிட்டது.

கல்லூரி வந்தது, கூடவே ஜெராக்ஸ் கடையும் வந்தது. தமிழ்நாட்டுப் பொறியியல் கல்வியின் வரலாற்றை யாராவது ஒழுங்காக எழுதினால் ஜெராக்ஸ் கடைக்கு ஓர் அத்தியாயம் கொடுக்க வேண்டும். ‘ப்ளேஸ்மெண்ட் பேப்பர்’ என்ற பெயரில் ஸ்பைரல் பைண்டிங் போட்ட கட்டுகள் அங்கேதான் கிடைக்கும். போன வருஷம் எந்தக் கம்பெனி என்ன கேட்டது என்று, தேர்வு எழுதிவிட்டு வந்த சீனியர்கள் ஞாபகத்திலிருந்து எழுதி வைத்தது. யார் எழுதினார்கள் என்று இருக்காது. ஏழாவது ஜெராக்ஸில் கூட்டல் குறியும் பெருக்கல் குறியும் ஒன்றுபோலத் தெரியும். விடை தப்பாக இருந்தால் தப்பாகவே பரம்பரையாக வரும். இருந்தாலும் பலர் சேர்ந்து, காசு வாங்காமல், அடுத்த செட்டுக்காக எழுதிய ஒரு தொகுப்பு அது. கூட்டாகக் கட்டிய கேள்வி வங்கி என்று இன்று வெப் ஆப் காட்டிச் சொல்வதெல்லாம் அந்தக் கட்டின் வாரிசுதான்.

கட்டோடு சில புத்தகங்களும் ஊர்வலமாக வரும். கணக்குக்கு ஆர்.எஸ். அகர்வால். புதிர்களுக்கு சகுந்தலா தேவி 1976இல் எழுதிய ‘பஸில்ஸ் டு பஸில் யூ’. பெரிய கம்பெனிகள் அதிலிருந்துதான் கேட்கின்றன என்று எங்களுக்குள் ஒரு நம்பிக்கை, அது மூடநம்பிக்கையும் இல்லை. சி மொழிக்கு யஷவந்த் கனேட்கரின் ‘டெஸ்ட் யுவர் சி ஸ்கில்ஸ்’. கீழே உள்ள ப்ரோகிராமின் அவுட்புட் என்ன என்று ஒரு கேள்வி, பின் பக்கத்தில் விடை. இதைப் பார்த்து ஜெராக்ஸ் கட்டுகளில் ஒரு தனி வகையே முளைத்தது. ஒரே வரியில் ஐ ப்ளஸ் ப்ளஸ், ப்ளஸ் ப்ளஸ் ஐ இரண்டையும் போட்டுக் கூட்டச் சொல்வார்கள். சி மொழியின் தரவரையறை, இப்படி எழுதினால் என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது, எழுதாதே என்கிறது. ஆனால் எங்கள் கல்லூரி லேபில் இருந்த டர்போ சி ஒரு எண்ணைக் காட்டியது. அந்த எண்ணே சரியான விடை என்று ஒரு தலைமுறையே மனப்பாடம் செய்தது. ‘ஏன் அந்த எண்?’ என்று யாராவது நின்று கேட்டிருந்தால் கேள்வியே செத்துப்போயிருக்கும்.

உலகத்தின் மற்ற இடங்களில் ஒன்றும் வாழவில்லை. 90களில் மைக்ரோசாஃப்ட் புதிர் போட்டு ஆள் எடுத்தது. மேன்ஹோல் மூடி ஏன் வட்டமாக இருக்கிறது என்பது அந்தக் காலத்துச் சரக்கு. வில்லியம் பவுண்ட்ஸ்டோன் அதைப் பற்றி 2003இல் ஒரு புத்தகமே எழுதினார். கேல் லாக்மன் மெக்டவல் 2005இல் ‘கெரியர்கப்’ தளத்தைத் தொடங்கினார், 2008இல் ‘கிராக்கிங் தி கோடிங் இன்டர்வியூ’ வந்தது. கூகுளில் ஆள் எடுக்கும் துறைக்குத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக், அந்த மாதிரிப் புதிர்களால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று 2013இல் ஒரு பத்திரிகைப் பேட்டியில் ஒப்புக்கொண்டார். நாங்கள் சகுந்தலா தேவியைக் கரைத்துக் குடித்து முடித்த பிறகு.

ஜெராக்ஸ் கட்டு மெல்ல யாஹூ குழுமங்களுக்குக் குடிபெயர்ந்தது. அண்ணா நகரில் ஒரு பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து அந்த மடல்களைப் படித்திருக்கிறேன். 2019 டிசம்பரில் யாஹூ அந்தப் பழைய மடல்களைத் தளத்திலிருந்து எடுத்தது. அடுத்த வருஷம் குழுமங்களையே மூடிவிட்டது. சேமித்துவைத்தவர்களிடம் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம். ஜெராக்ஸ் கடைக்காரர்கள் எடைக்குப் போட்ட தாளோடு சேர்ந்து இதுவும் போனது என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

நான் வேலையில்லாமல் திரிந்த அதே 2009இல்தான், திருச்சி என்ஐடியில் படித்த விவேக் ரவிசங்கரும் ஹரிசங்கரன் கருணாநிதியும் ‘இன்டர்வியூ ஸ்ட்ரீட்’ தொடங்கினார்கள். ஒருவர் அமேசானில் இருந்தவர், மற்றவர் ஐபிஎம்மில். இன்று ‘ஹேக்கர்ரேங்க்’ என்றால் தெரியாத கணினி மாணவர் கிடையாது, அது இவர்களுடையதுதான். ஆனால் அவர்கள் முதலில் செய்யப் பார்த்தது இன்று இருக்கும் ஹேக்கர்ரேங்க் அல்ல என்பது பலருக்குத் தெரியாது. முதல் யோசனை ஒத்திகை இன்டர்வியூ. வேலை தேடும் மாணவரை, ஏற்கெனவே துறையில் இருக்கும் ஒருவரோடு இணையம் வழியாக இணைப்பது. அவர் கேட்பார், இவர் சொல்வார், முடிந்ததும் எங்கே தடுமாறினாய் என்று அவர் எடுத்துச் சொல்வார். கிண்டியில் வாயடைத்து உட்கார்ந்திருந்த எனக்கு மருந்து செய்வதுபோல ஒரு தளம். எனக்கு அப்போது அது இருப்பதே தெரியாது.

அந்த யோசனை வியாபாரமாக நிற்கவில்லை. ஏன் என்று என் கணக்கு: கேள்வி கேட்பவரின் ஒரு மணி நேரத்துக்கு விலை அதிகம். அந்த ஒரு மணி நேரத்தை ஒரு மாணவருக்குத்தான் கொடுக்க முடியும். யாருக்கு அது மிகவும் தேவையோ அவரிடம் கொடுக்கப் பணம் இருக்காது. மூன்றையும் ஒரே இடத்தில் வைத்தால் எந்தக் கம்பெனியும் நொடிக்கும். அவர்கள் திசை மாறினார்கள். மனிதர் கேட்பதற்குப் பதிலாகப் புதிரை இயந்திரம் கொடுக்கும், எழுதிய ப்ரோகிராமை இயந்திரமே ஓட்டி மதிப்பெண் போடும், காசு கொடுப்பது மாணவர் அல்ல, ஆள் எடுக்கும் கம்பெனி. 2011இல் அமெரிக்காவின் ஒய் காம்பினேட்டர் அவர்களைச் சேர்த்துக்கொண்டது. இந்தியாவிலிருந்து அங்கே போன முதல் கம்பெனி என்று செய்தியில் வந்தது. 2012இல் ஹேக்கர்ரேங்க் வந்தது. டெல்லிப் பக்கம் கீக்ஸ்ஃபார்கீக்ஸ், அமெரிக்காவில் லீட்கோடு, இங்கே கோட்செஃப் என்று மற்றவையும் ஏறக்குறைய அதே வருஷங்களில் எழுந்து நின்றன.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. இயந்திரத்துக்கு ஊர் தெரியாது, கல்லூரிப் பெயர் தெரியாது, உச்சரிப்பு காதில் விழாது. அப்பாவின் டிரேட் டெஸ்ட் மாதிரி அது. பொருந்துகிறதா, வெளிச்சம் தெரிகிறதா, அவ்வளவுதான். இன்டர்வியூ அழைப்பே வராத கல்லூரிப் பிள்ளைகளுக்கு அது ஒரு கதவைத் திறந்தது. ஆனால் அந்தக் கதவுக்கு அப்புறம் இன்னொரு கதவு இருந்தது. இயந்திரத்தைத் தாண்டினவனை மறுபடி ஒரு மனிதர்முன் உட்காரவைத்தார்கள். அவர் ‘ஏன்’ என்றார்.

2016இல் நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் வேலையில் இருந்தேன். கேள்வி கேட்கிற பக்கம் வந்துவிட்டேன். அந்த வருஷம் நான் வேண்டாம் என்று குறித்தவர்களில் பாதிப்பேர், 2009இல் நான் உட்கார்ந்த அதே மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். கோடு சரி. பேச்சு வராது. ஒரு பையனின் விலாசத்தில் ஆவடி என்று இருந்தது. அவனை அனுப்பிவிட்டு அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை என்று எழுதினால் சினிமா மாதிரி இருக்கும், தூங்கினேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை என் அத்தை பையனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவனுக்கு நோட் ஜேஎஸ் நன்றாக வரும். எங்கள் தெருவிலேயே கடைசி வருஷம் படிக்கும் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டோம். மொட்டைமாடி அறையில் வேலை ஆரம்பித்தது.

செய்ய நினைத்தது சுலபமானது. இரண்டு பேர் ஆளுக்கொரு இடத்திலிருந்து நுழைவார்கள். திரையில் ஒரே எடிட்டர், இரண்டு பேரும் அதிலேயே எழுதலாம், எழுதுவது மற்றவருக்கு உடனே தெரியும். கூடவே குரல். அரை மணி நேரம் இவன் கேட்பான், அடுத்த அரை மணி நேரம் அவன் கேட்பான். மாணவர்களே மாணவர்களைக் கேட்பதால் யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். இன்டர்வியூ ஸ்ட்ரீட் விட்ட இடத்தைக் காசில்லாமல் பிடிக்கப் பார்த்தோம் என்று இப்போது பெரிதாகச் சொல்லிக்கொள்ளலாம். அமெரிக்காவில் 2015இல் ‘ப்ராம்ப்’ என்ற தளம் இதே முறையில், ஆளுக்கு ஆள் மாற்றிக் கேட்கும்படி வந்திருந்தது. எங்களுக்குத் தமிழிலும் பேசிப் பழக வேண்டும், கேள்வி வங்கியை நாங்களே எழுதித் திருத்த வேண்டும் என்றிருந்தது. இன்டர்வியூ போய்விட்டு வந்தவர் கேள்வியைப் போடுவார், வேறு இரண்டு பேர் சரிபார்ப்பார்கள், யார் எப்போது எதைத் திருத்தினார்கள் என்று கூடவே இருக்கும். அந்த ப்ளஸ் ப்ளஸ் கேள்வியை முதல் வாரமே ஒரு பையன் போட்டான். ‘இது கேள்வியே இல்லை’ என்று ஒரு குறிப்போடு அதை அப்படியே விட்டுவைத்தோம்.

ஆப்புக்குப் பெயர் வைக்கவில்லை. ஃபோல்டருக்கு ‘டெஸ்ட்2’ என்று அத்தை பையன் வைத்தான்; கடைசிவரை அதுதான் பெயர்.

ஒரே எடிட்டர் என்பதில்தான் மாட்டிக்கொண்டோம். முதலில், யார் எதைத் தட்டினாலும் மொத்த டெக்ஸ்டையும் சர்வருக்கு அனுப்பி மற்றவருக்குக் கொடுத்தோம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் தட்டினால் கடைசியாக வந்தது நிற்கும், மற்றது காணாமல் போகும். சரி, மாற்றத்தை மட்டும் அனுப்புவோம் என்றோம். அப்போது இன்னும் மோசம். ரேஷன் கடை வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். “அஞ்சாவது ஆளுக்குப் பின்னாடி போய் நில்லு” என்று ஒருவரை உள்ளே அனுப்புகிறேன். அவர் போய்ச் சேருவதற்குள் இரண்டாவது ஆள் வெறுத்துப்போய் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். இப்போது ஐந்தாவது ஆள் என்பது வேறு ஆள். நான் சொன்னபடியேதான் அவர் நிற்கிறார், ஆனால் தப்பான இடத்தில். எங்கள் எடிட்டரில் அடைப்புக்குறிகள் இப்படித்தான் இடம் மாறி அடுத்தவரின் வரிக்கு நடுவில் போய் உட்கார்ந்தன. சேதி வழியில் இருக்கும்போது வரிசையில் என்ன மாறியது என்று பார்த்து, ஐந்து என்பதை நான்கு என்று திருத்திக்கொள்ள வேண்டும்.

எங்கள் மாடியில் மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் இதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது என்று கண்டுபிடித்தோம். 1989இலேயே, டெக்ஸாஸில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எல்லிஸ், கிப்ஸ் என்ற இருவர் ‘க்ரோவ்’ என்று பலர் சேர்ந்து எழுதும் எடிட்டரைச் செய்து, இந்தத் திருத்திக்கொள்ளும் முறையை எழுதிவைத்திருக்கிறார்கள். ஆபரேஷனல் டிரான்ஸ்ஃபர்மேஷன் என்று பெயர். அவர்கள் எழுதியதிலும் ஓர் ஓட்டை இருந்தது; சில வரிசைகளில் இரண்டு திரையும் வெவ்வேறாக முடியும். அதை அடைக்க மற்றவர்களுக்குச் சில வருஷங்கள் பிடித்தன. 1995இல் ஜெராக்ஸ் கம்பெனியின் பார்க் ஆய்வுக்கூடத்தார், நடுவில் ஒரு சர்வரை வைத்து எல்லோரும் அதனோடு மட்டும் பேசட்டும் என்று சுலபமாக்கினார்கள். (ஜெராக்ஸ்! எங்கள் கடைக்காரரிடம் சொன்னால் சந்தோஷப்பட்டிருப்பார்.) 2008இல் வந்த ஈதர்பேட், 2009இல் வந்து அடுத்த வருஷமே நின்றுபோன கூகுள் வேவ், பிறகு கூகுள் டாக்ஸ் என்று அந்தக் கிளை நீண்டது. வேவில் வேலை செய்த ஜோசப் ஜென்டில் என்ற பொறியாளர் இதற்கு ‘ஷேர்ஜேஎஸ்’ என்று ஒரு நிரல் தொகுப்பைப் பொதுவில் விட்டிருந்தார். இந்த முறையை எழுதுவது எவ்வளவு கொடுமை என்று அவரே புலம்பியிருந்ததைப் படித்தபோது எங்களுக்கு அவ்வளவு ஆறுதல். எங்கள் கோடைத் தூக்கிப் போட்டுவிட்டு அந்த வழியில் வந்த தொகுப்பை எடுத்துக்கொண்டோம்.

கோடை ஓட்டிக் காட்டும் பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முன்பின் தெரியாதவர் எழுதியதை நம் சர்வரில் ஓட்டுவது, வழிப்போக்கனிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்பது. முதல் நாளே ஒரு பையன் தன்னைத் தானே நகலெடுத்துக்கொண்டே போகும் ஒரு வரியை எழுதி சர்வரைக் கவிழ்த்தான். “சும்மா பாத்தேன்ணா” என்றான். டாக்கருக்குள் அடைத்து, ஐந்து நொடிக்கு மேல் ஓடினால் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினோம்.

குரலுக்கு ஜியோ கைகொடுத்தது. 2016 செப்டம்பர் 5ஆம் தேதி அது வராமல் இருந்திருந்தால் எங்கள் ஆப் மாடியிலேயே முடிந்திருக்கும். இலவச டேட்டாவில் பிள்ளைகள் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் பேசினார்கள்.

அப்போதுதான் நாங்கள் எதிர்பார்க்காத ஒன்றைப் பார்த்தோம். கேள்வி கேட்க யாருக்கும் வரவில்லை. வங்கியிலிருந்து கேள்வியைப் படித்துவிட்டு, எதிராளி எழுதும்வரை சும்மா இருப்பார்கள். எழுதி முடித்ததும், “கரெக்ட் மச்சி, அடுத்தது?” இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்தும் நடந்தது இயந்திரம் செய்கிற வேலைதான். எங்கள் தெருவில் ஒரு பெண், பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் அரசுப் பள்ளியில் படித்தவள், ஒருநாள் நேராகவே சொன்னாள்.

“அண்ணா, இதுக்கு அந்த வெப்சைட்டே போதும்ணா. எனக்குப் பேசத்தான் வரல. எதிர்ல இருக்கறவங்களும் பேச மாட்டேங்கறாங்க.”

பட்டன் வைத்துப் பார்த்தோம். கேட்பவர் திரையில் மட்டும் தெரியும்படி, இதைக் கேள், அதைக் கேள் என்று குறிப்புகள். அதையும் அப்படியே படித்தார்கள். பதினைந்து வருஷம் வகுப்பில் கேள்வி கேட்காமல் உட்காரவைத்துவிட்டு ஒரு பட்டனால் மாற்றப் பார்த்தோம்.

டிசம்பர் 12, திங்கட்கிழமை, வார்தா புயல். மத்தியானத்துக்கு மேல் அடித்த காற்றில் எங்கள் தெரு முனையில் இருந்த தூங்குமூஞ்சி மரம் மின்கம்பத்தின்மேல் சாய்ந்தது. கரண்ட் போனது. டவர் போனது. மொட்டைமாடியின் தகரக் கூரை பக்கத்து மனைக்குப் போனது. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர எட்டு நாள் ஆயிற்று. இரண்டு நாள் தண்ணீர் தூக்கினோம், மரம் வெட்டினோம். அந்தப் பெண்ணுக்கு அடுத்த வாரம் இன்டர்வியூ. மூன்றாம் நாள் சாயங்காலம் நோட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள். நான் மின்வாரிய ஆட்களைத் தேடிப் போயிருந்தேன். அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார்.

நான் திரும்பி வந்தபோது வாசல் திண்ணையில் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. அவள் நோட்டில் வட்டம் வட்டமாகப் போட்டு வைத்திருந்தாள். அதே லிங்க்டு லிஸ்ட்.

“ஒண்ணு மெதுவா போவும், ஒண்ணு வேகமா போவும் பெரியப்பா. சுத்தி சுத்தி வந்தா ரெண்டும் ஒரே எடத்துல நிக்கும்.”

“ஏன்மா நிக்கணும்? வேகமா போறது தாண்டிப் போயிடாதா?”

அப்பாவுக்குக் கம்ப்யூட்டரில் ஒன்றும் தெரியாது. 2009இல் நான் சொன்னதையும் அவர் ஞாபகம் வைத்திருக்க நியாயமில்லை. புரியவில்லை, கேட்டார், அவ்வளவுதான். அவள் நோட்டைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். “இருங்க பெரியப்பா” என்றாள். ஒரு சுற்றுப்பாதையில் வேகமாகப் போகிறவன் பின்னாலிருந்து துரத்திக்கொண்டு வருகிறான் என்று வையுங்கள். இரண்டு பேருக்கும் நடுவே பத்தடி. ஒவ்வொரு தடவையும் இவன் இரண்டடி வைக்கிறான், அவன் ஓரடி. அப்போது இடைவெளி சரியாக ஓரடிதான் குறையும். பத்து ஒன்பதாகும், ஒன்பது எட்டாகும். ஒன்று ஒன்றாகக் குறைகிற எண் பூஜ்ஜியத்தைத் தொடாமல் தாண்ட முடியாது. தமிழில், கையால் காட்டிக்காட்டிச் சொன்னாள். கடைசியில், “அப்ப மூணடி வெச்சா தாண்டிடலாம் இல்ல?” என்று அப்பா கேட்டபோது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதற்கும் பதில் தேடினாள்.

நான் படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஏழு வருஷமாக எனக்கும் அந்த விடை இவ்வளவு தெளிவாகத் தெரியாது.

மிச்ச நாட்களும் அவள் வந்தாள், வேறு இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு. முதல் சுற்று தமிழில் அப்பாவுக்கு, இரண்டாவது சுற்று அதையே ஆங்கிலத்தில் எனக்கு. கரண்ட் வந்த பிறகு இந்த வரிசையை ஆப்பிலும் கொண்டுவந்தோம். கேட்பவர் விஷயம் தெரியாதவராக இருக்கலாம், இருந்தால் நல்லது என்று விதி வைத்தோம். மெக்கானிக்கல் பையன்கள் கம்ப்யூட்டர் பையன்களைக் கேட்டார்கள். ஒரு பையனை அவன் அம்மா கேட்டார். அது கொஞ்சம் நடந்தது. ரொம்ப நடந்தது என்று சொல்ல மாட்டேன். அவளுக்கு அந்த வாரம் போன இன்டர்வியூவில் கிடைக்கவில்லை, மார்ச்சில் வேறு ஓர் இடத்தில் கிடைத்தது.

ஆப் 2019இல் நின்றது. யாரும் மூடவில்லை, அத்தை பையனுக்குக் கல்யாணம் ஆகி அவன் ஒசூர் போனான், சர்வர் வாடகை கட்டும் கார்டு காலாவதியானது, இரண்டு மாதம் யாரும் கவனிக்கவில்லை. அதற்குள் ஹேக்கர்ரேங்கே ‘கோட்பேர்’ என்று இரண்டு பேர் சேர்ந்து எழுதும் எடிட்டரைக் கம்பெனிகளுக்கு விற்றுக்கொண்டிருந்தது. மனிதரைத் திரும்ப உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். ஆனால் தேர்வு அறையில், ஒத்திகையில் அல்ல. கேள்வி வங்கியின் நகல் என்னிடம் ஒரு பென் டிரைவில் இருக்கிறது. அதில் நாங்கள் போடாமல் தடுத்த கேள்விகளும் தனியாக இருக்கின்றன. கம்பெனிகளின் தேர்வு நடந்துகொண்டிருக்கும்போதே உள்ளிருந்து படம் பிடித்து அனுப்பியவை. ஜெராக்ஸ் கட்டின் வாரிசு என்று முன்னால் பெருமையாகச் சொன்னேனே, அந்தப் பரம்பரையில் இதுவும் உண்டு.

அப்பா அதே வருஷம் ரிட்டையர் ஆனார். தொழிற்சாலையின் நிர்வாகமே 2021இல் புதிய நிறுவனமாக மாறியது. அவருக்கு அது இன்னும் ஃபாக்டரிதான். ஞாயிறு சாயங்காலம் யாராவது வருவதுண்டு. அவளுடைய தம்பி வந்தான், அவன் கூட்டாளிகள் வந்தார்கள். போன வாரம் வந்தவன் ஹேஷ் டேபிள் என்றால் என்னவென்று ரேஷன் கார்டு நம்பரை வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தான். எந்தக் கார்டு வந்தாலும் நேராக அதற்கான அலமாரித் தட்டுக்குப் போய்விடலாம், தேடவே வேண்டாம் பெரியப்பா என்றான். நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். கீழே கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் அப்பா குரல் கேட்டது. “ஒரே தட்டுக்கு ரெண்டு கார்டு வந்தா?”